கரும்பு வெளுத்தால் காரணம் கேட்கிறோம்

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் ஊர்களில் 'சோகை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கரும்பில் காய்ந்து தொங்கும் இலையும் சோகைதான். உடம்பில் ரத்தம் குறைந்து ஆள் வெளுத்துப்போவதும் சோகைதான். முதல் சோகையை உரிக்கக் கூலி பேசி ஆள் வைக்கிறோம். உரிக்க வரும் பெண்ணுக்கு இரண்டாவது சோகை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும், ஒரு மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்ததோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 55 சதவீதம். இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவே எத்தனையோ திட்டங்கள் வந்தன; குறைந்தது ஒன்றரை சதவீதம்தான். கர்ப்பிணிகளில் 44.4 சதவீதமாக இருந்தது 48.3 ஆகவும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 50.7ஆக இருந்தது 57.4 ஆகவும் ஏறியிருக்கின்றன.

இதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழகத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆக, நம் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வராமல் இல்லை. வருகிறார்கள், விரலை நீட்டுகிறார்கள், மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அப்படியும் பாதிப் பேருக்கு ரத்தம் குறைவு என்றால், கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

இந்த எண்களே மிகை என்று ஒரு வாதம் உண்டு. விரல் நுனியில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்தில் திசுநீர் கலந்துவிடும், நரம்பில் ஊசி போட்டு எடுத்தால் அளவு கூடுதலாகத் தெரியும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 2016-18இல் நரம்பு ரத்தத்தை வைத்து நடந்த தேசிய ஆய்வில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதத்துக்குத்தான் ரத்தசோகை இருந்தது. அடுத்த குடும்ப நல ஆய்விலிருந்து ரத்தசோகைக் கணக்கை எடுத்துவிட்டு, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தனி ஆய்வுக்கு விடுவதென்று 2023இல் முடிவானதற்கும் இதுவே காரணம். அளவுகோல் சரியாக இருக்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை. ஆனால், பத்தில் ஆறு என்பது பத்தில் நான்கு ஆனாலும் அது சின்ன எண்ணிக்கை இல்லையே.

எட்டு பாயிண்ட்

"ரத்தம் எட்டு பாயிண்ட்தான் இருக்காம்." ஆரம்ப சுகாதார நிலையத்துத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இதை நாலு தடவையாவது கேட்கலாம். கையில் ஒரு துண்டுச் சீட்டு; அதில் பேனாவால் எழுதிய ஒற்றை எண். "பேரீச்சம்பழம் சாப்பிடு, முருங்கைக்கீரை சாப்பிடு, மாத்திரையை விடாம போடு" என்று மூன்று வாக்கியங்கள். அடுத்த டோக்கன்.

ரத்தத்தின் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் நுரையீரலில் இருந்து பிராணவாயுவைச் சுமந்துபோய் உடம்பெங்கும் இறக்கும் கூலியாள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது 100 மில்லியில், அது ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 கிராமாவது இருக்க வேண்டும். 'எட்டு பாயிண்ட்' என்றால், மூன்று ஆள் தூக்க வேண்டிய சுமையை இரண்டு பேர் சுமக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வரப்பில் நடந்தால் கண் இருட்டுகிறது.

கொடுமை என்னவென்றால், இது மெதுவாக வருகிறது. உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது. எட்டில் இருக்கும் பெண் தண்ணீர்க் குடம் தூக்குவாள், நாற்று நடுவாள், கம்பெனி பஸ்ஸுக்கு விடியற்காலையில் ஓடுவாள். "எப்பவும் இப்படித்தான் அசதியா இருக்கும்" என்பாள். பிரசவத்தில் ரத்தப்போக்கு கூடினால்தான் தெரியும், கையிருப்பே இல்லை என்று. பன்னிரண்டில் இருப்பவர் தாங்கிக்கொள்ளும் இழப்பை ஏழில் இருப்பவரால் தாங்க முடியாது.

வீட்டிலேயே தெரியும் அறிகுறி ஒன்று உண்டு. அதை நாம் கேலியாக எடுத்துக்கொள்கிறோம். பெண் பிள்ளை பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறது, பல்பம் கடிக்கிறது, திருநீற்றை நக்குகிறது, மழை பெய்தால் மண் வாசனைக்கு ஏங்குகிறது. 'மசக்கை' என்றோ 'கெட்ட பழக்கம்' என்றோ சொல்லித் தலையில் குட்டுகிறோம். இரும்புச் சத்துக் குறைவில் இப்படிப்பட்ட ஆசைகள் வருவது மருத்துவர்கள் நன்கு அறிந்த சங்கதி. குட்டுவதற்கு முன் ரத்தம் பார்க்க வேண்டும்.

மண்ணில் இருக்கிறது, வேருக்குக் கிடைக்கவில்லை

மறுதாம்புக் கரும்பில் இளங்குருத்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டதுபோல் நின்றால், படாளம் பக்கத்து விவசாயி உடனே சொல்லிவிடுவார்: இரும்புச் சத்துப் பற்றாக்குறை. அன்னபேதி உப்பு வாங்கிவந்து கரைத்துத் தெளிப்பார். பல நேரம் மண்ணில் இரும்பு இருக்கவே செய்யும். சுண்ணாம்பு கூடிய நிலத்தில் அது இறுகிப்போய் வேருக்கு எட்டுவதில்லை. அதனால்தான் இலைவழியாகக் கொடுக்கிறார். நோயைப் பார்த்ததும் காரணத்தைத் தேடுகிற இந்தப் புத்தி நமக்கு வயலில் இருக்கிறது. வீட்டுக்குள் வந்ததும் எங்கே போகிறதோ!

அந்த அன்னபேதிதான் ஃபெரஸ் சல்பேட். சுகாதார நிலையத்து மாத்திரையில் இருப்பதும் பெரும்பாலும் அதே உப்புதான். சித்த மருத்துவம் இந்த நோயைப் 'பாண்டு' என்று அழைத்து, அன்னபேதிச் செந்தூரம் கொடுத்துவந்திருக்கிறது. (இதைப் படித்துவிட்டுக் கடையில் செந்தூரம் வாங்கி விழுங்க வேண்டாம். அளவு மீறிய இரும்பு விஷம். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.)

கரும்புக்கு நடப்பதுதான் நம் குடலிலும் நடக்கிறது. வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு உணவில் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, ஆணுக்கு 19. இதில் உடம்புக்குள் போய்ச் சேர்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். கீரை, பருப்பு, தானியத்தில் இருக்கும் இரும்பைக் குடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. அதிலும் சாப்பிட்ட கையோடு ஒரு டீயைக் குடித்தால், டீயில் இருக்கும் துவர்ப்பு அந்தக் கொஞ்சத்தையும் கட்டிப்போட்டுவிடும். காலையில் டீயும் பன்னும், மத்தியானம் சோறும் ரசமும், மறுபடி டீ என்று ஓடுகிற உடம்புக்கு இரும்பு எங்கிருந்து வரும்?

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. பீட்ரூட்டிலும் மாதுளையிலும் நிறம்தான் அதிகம், இரும்பு சொற்பம். கையில் காசில்லாத குடும்பம் நோயாளிக்கென்று மாதுளை வாங்கிவருவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். அந்தக் காசுக்கு ஆட்டு ஈரலோ, நம் ஊர்க்காரர்கள் சரியாகவே கண்டுபிடித்துவைத்திருக்கும் சுவரொட்டியோ (மண்ணீரல்) வாங்கியிருக்கலாம். இறைச்சி, மீனில் உள்ள இரும்பைக் குடல் பல மடங்கு எளிதாக எடுத்துக்கொள்ளும். கூடவே சாப்பிடும் கீரையில் இருக்கும் இரும்பையும் இழுத்துக்கொண்டுபோகும். மாமல்லபுரம் கடற்கரையில் இருந்து வரும் நெத்திலியும் கருவாடும் மாதுளையைவிட இந்த வேலையை நன்றாகச் செய்யும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. கீரையில் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு ஒரு கொய்யாத் துண்டோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வது, பயறை முளைகட்டுவது, டீயைச் சாப்பாட்டில் இருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவைப்பது, புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைப்பது ஆகிய எல்லாமே பலன் தரும். புளித்த கேழ்வரகுக் கூழும் அப்படித்தான். கேழ்வரகில் இரும்பைக் கட்டிப்போடும் பொருள்கள் நிறைய, புளிக்கும்போது அவை ஓரளவு உடைகின்றன. பழமையைப் போற்றச் சொல்லவில்லை. அந்தக் கூழைக் குடித்த நம் பாட்டிகளுக்கும் ரத்தசோகை இருந்திருக்கும்; அடுத்தடுத்த பிரசவங்களும் வெறுங்கால் வயல்வேலையும் அதற்குப் போதும்.

எங்கே ஒழுகுகிறது?

வரவை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். செலவு?

ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாதாரணமாக மாதவிடாயில் 30, 40 மில்லி ரத்தம் போகும். ஒரு பெண்ணுக்கு 120 மில்லி போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 60 மில்லிகிராம் இரும்பு நஷ்டம். நாள் கணக்கில் 2 மில்லிகிராம். உடம்பு ஒரு நாளில் உள்ளே எடுப்பதே ஒன்றிரண்டு என்று மேலே பார்த்தோம். இந்தப் பெண் முருங்கை மரத்தையே மொட்டையடித்துத் தின்றாலும் கணக்கு நேராகாது. அவருக்குத் தேவை கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா, தைராய்டு கோளாறா, வேறு என்ன என்று பார்க்கும் பரிசோதனை.

ஆனால், "உதிரம் எத்தனை நாள் போகுது?" என்று யாரும் கேட்பதில்லை. ஆண்களும் பிள்ளைகளும் நிற்கும் வரிசையில் அந்தக் கேள்வியைக் கேட்கவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. அம்மாவுக்கும் அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான் என்பதால், அதிகமாகப் போகிறது என்பதே பல பெண்களுக்குத் தெரிவதில்லை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருந்தால், இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்தால், கட்டி கட்டியாகப் போனால், ஏழு நாளுக்கு மேல் நீண்டால் அது இயல்பு இல்லை. இவ்வளவுதான் தெரிந்துகொள்ள வேண்டியது.

அடுத்த ஒழுகல் காலடியில். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணில் இருந்து வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. ஒரு புழு குடிப்பது துளிதான். நூறு புழு இருந்தால் நாளுக்கு நாள் கணக்கு ஏறும். திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடமும் நெல் வயலும் கரும்பு வயலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வரை இந்தப் புழுவுக்குக் கொண்டாட்டம்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை அல்பெண்டசோல் கொடுக்கிறோம், நல்லது. வயலில் நிற்பவர் பள்ளிப் பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மா.

வயதான ஆண்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஆணுக்கு மாதவிடாய் இல்லை, பிரசவம் இல்லை. அவருக்கு இரும்புச் சத்து குறைந்து ரத்தசோகை வந்தால், வயிற்றிலோ குடலிலோ எங்கோ ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மூலமாக இருக்கலாம். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வருடக்கணக்காக விழுங்கிய வலி மாத்திரை தந்த குடல்புண்ணாக இருக்கலாம். பெருங்குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். இப்படிப்பட்டவருக்கு டானிக் எழுதிக்கொடுத்து அனுப்பினால், நிறம் கொஞ்சம் திரும்பும்; நோய் உள்ளே வளரும்.

இரும்புக்கே சம்பந்தமில்லாத சோகைகளும் உண்டு. சிறுநீரகம் பழுதானால் ரத்தம் உற்பத்தி செய்யச் சொல்லும் சுரப்பு குறையும். காசநோய் போன்ற நாள்பட்ட நோய்களும் ரத்தத்தைக் குறைக்கும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். வருடக்கணக்காகப் போடும் கேஸ் மாத்திரையும் இரும்பையும் பி12ஐயும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு உள்ளவருக்கு ஹீமோகுளோபின் வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அவருக்கு இரும்பு மாத்திரை வீண். கணவன், மனைவி இரண்டு பேருக்கும் அந்தக் கூறு இருந்தால் (சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இதற்கு வாய்ப்பு கூடும்), பிறக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து.

மாத்திரையும் அரிசியும்

மாத்திரையைக் குறைசொல்லவில்லை. சிறு பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, வளரிளம் வயதினருக்கு வாரம் ஒரு நீலம், கர்ப்பிணிகளுக்குத் தினம் ஒரு சிவப்பு என்று அரசு கொடுக்கும் மாத்திரை மலிவான, அருமையான மருந்து. அதில் இரும்போடு இருக்கும் ஃபோலிக் அமிலத்துக்கு நம் ஊர்த் தொடர்பும் உண்டு. பம்பாய் ஆலைத் தொழிலாளர் வீட்டுக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய 1928இல் இந்தியா வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் பிறகு சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் (இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை) வேலை செய்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று கண்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. எல்லோருக்கும் ஒரே மருந்து என்று இருந்திருந்தால் அவர் இரும்பைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியிருப்பார்.

மாத்திரையின் சிக்கல் வயிற்றில் தொடங்குகிறது. குமட்டும், மலச்சிக்கல் வரும், மலம் கறுப்பாகப் போகும். இது இயல்பு என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். "மாத்திரை போட்டா புள்ள கறுப்பாப் பொறக்கும்", "தலை பெருசாயிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் இன்னும் கேட்கலாம். 180 மாத்திரைகள் வாங்கியதாகப் பதிவேட்டில் இருக்கும். பாதி பரண்மேல் இருக்கும்.

ரேஷனில் வரும் செறிவூட்டப்பட்ட அரிசிக்கும் அதே கதை. நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த குருணை கலந்து தருகிறார்கள். களையும்போது அது மிதக்கிறது. "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறார்கள். ரேஷன் கடையில் ஒரு அட்டை எழுதி மாட்டுவதற்கு ஆகும் செலவு எவ்வளவு?

என்ன செய்யலாம்?

துண்டுச் சீட்டில் ஒற்றை எண் எழுதுவதை நிறுத்தலாம். முழு ரத்த எண்ணிக்கைக் கருவி இருக்கும் இடங்களில், சிவப்பணுவின் சராசரி அளவும் அதே காகிதத்தில் கூடுதல் செலவில்லாமல் வந்துவிடுகிறது. அணு சிறுத்திருந்தால் இரும்புக் குறைவு அல்லது தலசீமியாக் கூறு. பெருத்திருந்தால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு என்று முதல் சல்லடை அங்கேயே நடந்துவிடும். அந்தக் காகிதம் நோயாளியின் கையில் இருக்க வேண்டும்.

மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறவில்லை என்றால், அதே மாத்திரையை மறுபடி எழுதாமல் மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அரசின் வழிகாட்டுதலே அதுதான். படாளத்தில் இருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரயிலில் கொஞ்ச நேரப் பயணம். எண் நேரான பிறகும் கையிருப்பு நிரம்ப மூன்று மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

பெண்களிடம் உதிரப்போக்கைப் பற்றிக் கேட்க, கிராம சுகாதார செவிலியரே பொருத்தமானவர். திரை போட்ட மூலை ஒன்றும் நாலு கேள்வி அச்சடித்த தாளும் போதும். பிரச்சினை இருப்பவர்களை மட்டும் ஸ்கேனுக்கு அனுப்பலாம்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிறார்கள். அதே ஊழியர், அதே வீடு, அதே விரல். ஐம்பது வயது தாண்டிய ஆண், பெண் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஹீமோகுளோபினும் பார்த்துவிடலாம்.

கரும்பு வெட்டும் ஆட்களுக்கு ஒரு தனி ஏற்பாடு வேண்டும். இருளர் குடும்பங்களும் வெளியூர்க் கூலிகளும் அரவைப் பருவத்தில் வயலுக்கு வயல் மாறிக்கொண்டே இருப்பார்கள். எந்த ஊர்ச் செவிலியரின் பதிவேட்டிலும் பெயர் நிலைக்காது. "ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று சுகாதாரத் துறை சொல்லும். ஆனால், எந்தத் தேதியில் எந்த ஊரில் எந்த வயலில் வெட்டு என்று முன்கூட்டியே தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது. மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை படாளத்தில்தான் இருக்கிறது. வெட்டு உத்தரவு போடுவதே அவர்கள்தான். அந்தப் பட்டியலின் நகல் ஒன்று வாராவாரம் வட்டார மருத்துவ அலுவலரின் மேசைக்குப் போனால், நடமாடும் மருத்துவ வண்டி வயல் ஓரத்துக்கே வந்துவிடும். வரும்போது ரத்தம் பார்க்கும் கருவியோடு, அல்பெண்டசோல் மாத்திரையும் அளவு பார்த்து ஆளுக்கொரு ஜோடி ரப்பர் செருப்பும் கொண்டுவரட்டும்.